தமிழ் மீடியத்திலிருந்து இன்ஜினியரிங்: முதல் வருடத்தை எப்படிச் சமாளிப்பது?

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாவது முடித்து, கவுன்சிலிங்கில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் ஒரு கல்லூரியில் இடம் வாங்கி, ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் பாதியாவது பொருந்தும்.

முதல் சில நாட்கள் அறிமுக நிகழ்ச்சி, கல்லூரியைச் சுற்றிப் பார்ப்பது என்று சுலபமாகப் போய்விடும். பாடம் ஆரம்பித்ததும்தான் சிக்கல். எல்லாம் ஆங்கிலத்தில், வேகமாக, ஒருமுறை மட்டும் சொல்வார்கள். பக்கத்து பெஞ்சில் இருப்பவன் டக்கென்று பதில் சொல்வான், உங்களுக்குக் கேள்வியே புரிந்திருக்காது. இந்த இடத்தில்தான் நிறைய பேர் "எனக்கு இது வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அந்த முடிவுக்குப் போகாதீர்கள், ஏனென்றால் அது உண்மை இல்லை. முதல் வருடக் கணக்கில் வரும் மேட்ரிக்ஸ், நீங்கள் பன்னிரண்டாவது புத்தகத்தின் முதல் பாடத்தில் போட்டுப் போட்டுப் பழகிய அதே அணிகள்தான். அதற்குப் பிறகு வரும் ஐகன் வேல்யூ, கேலி-ஹாமில்டன் தேற்றம் எல்லாம் சிபிஎஸ்இ பையனுக்கும் புதுசுதான். உங்களுக்குத் தெரியாதது பாடம் இல்லை, அந்தப் பாடத்தின் ஆங்கிலப் பெயர்கள் மட்டும்தான்.

இதற்கு இருப்பதிலேயே நல்ல மருந்து இலவசம். நீங்கள் படித்த அதே பதினொன்றாவது, பன்னிரண்டாவது கணக்கு, இயற்பியல், வேதியியல் புத்தகங்களின் ஆங்கில வழிப் பதிப்பு அரசின் பாடநூல் இணையதளத்தில் பிடிஎஃப்பாகக் கிடைக்கிறது. கல்லூரி திறப்பதற்கு முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து ஒரே பாடத்தை இரண்டிலும் படியுங்கள். வரிக்கு வரி பொருந்தும் என்பதால் அகராதியே தேவைப்படாது. வகைக்கெழு, தொகையீடு, அணிக்கோவை, அலைநீளம், வினைவேகம் என்று வரும் சொற்களை எல்லாம் ஒரு சின்ன நோட்டில் இரண்டு மொழியிலும் எழுதி வையுங்கள். இதை ஒழுங்காகச் செய்தவர்களுக்கு ஒன்றிரண்டு மாதத்தில் வகுப்பு காதில் ஏற ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சந்தேகத்தைத் தமிழிலேயே கேளுங்கள். வகுப்பு நடுவில் கூச்சமாக இருந்தால் முடிந்ததும் ஆசிரியர் வெளியே போகும்போது கேளுங்கள், ஸ்டாஃப் ரூமுக்குப் போய்க் கேளுங்கள். அவர்களிலும் பலர் இதே மாதிரி பள்ளிகளிலிருந்து வந்தவர்கள்தான். தேர்வு மட்டும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும், அதற்குச் சின்னச் சின்ன வாக்கியம் போதும். படம், சூத்திரம், படிப்படியான கணக்கு, இவற்றுக்குத்தான் மார்க். புரியாமல் கட்டுரையை மனப்பாடம் செய்வது பள்ளியில் கைகொடுத்திருக்கலாம், இங்கே கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டாலே கவிழ்த்துவிடும்.

அடுத்தது மார்க் கணக்கு, இதை முதல் வாரத்திலேயே புரிந்துகொள்ளுங்கள். 2021 ரெகுலேஷன்படி (பல்கலைக்கழகத்தின் பாடத்திட்ட, தேர்வு விதிகள்) தியரி பாடத்தில் இன்டர்னலுக்கு, அதாவது கல்லூரியே நடத்தும் டெஸ்ட், அசைன்மென்ட்டுக்கு 40, செமஸ்டர் தேர்வுக்கு 60. தேர்வு 100 மார்க்குக்கு நடந்து 60-ஆகக் குறைக்கப்படும். பாஸ் ஆக மொத்தம் 50 வேண்டும், தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதமும் வேண்டும். அதாவது இன்டர்னல் 32 இருந்தால் தேர்வில் 45 எடுத்தாலே போதும். அதுவே இன்டர்னல் 15 என்றால் தேர்வில் 59 எடுத்தாக வேண்டும். மாதக்கணக்கில் கையில் இருக்கும் டெஸ்ட்டையும் அசைன்மென்ட்டையும் அலட்சியமாக விட்டுவிட்டு, கடைசி மூன்று மணி நேரத்தை நம்புவது ஏன் ஆபத்து என்று இப்போது தெரிகிறதா? உங்கள் பேட்ச்சுக்கு எந்த ரெகுலேஷன் என்று மட்டும் கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு வந்த ரெகுலேஷனில் இந்த எண்களும் மாறியிருக்கலாம்.

வருகைப்பதிவு 75 சதவீதம். உடம்பு சரியில்லை போன்ற காரணத்துக்குச் சான்றிதழ் கொடுத்தால் 65 வரை பார்ப்பார்கள், அதற்கும் கீழே போனால் தேர்வே எழுத முடியாது. லேப் ரெக்கார்டை அந்தந்த வாரமே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பைத்தான் என்ற கம்ப்யூட்டர் புரோகிராமிங் மொழிப் பாடம், கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர்களுக்குப் பயமாக இருக்கும். லேப்டாப் இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம், போனிலேயே இணையத்தில் இயக்கிப் பார்க்கலாம், கல்லூரி லேபில் ஓய்வு நேரத்தில் உட்காரலாம். புரோகிராமைப் பார்த்து எழுதிக்கொண்டு வராமல் ஒவ்வொன்றையும் நீங்களே தட்டிப் பாருங்கள், பிழை வந்தால் நல்லது, அதைத் தேடித் திருத்தும்போதுதான் மண்டையில் ஏறும்.

ஹாஸ்டலில் முதல் மாதம் வீட்டு நினைப்பு வாட்டும், குறிப்பாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தினமும் அம்மாவிடம் பேசுங்கள், ஆனால் வாராவாரம் ஊருக்கு ஓட வேண்டாம் என்பது என் கருத்து, ஓடினால் அங்கே நட்பே அமையாது. சீனியர்களில் உங்களை மாதிரி தமிழ் வழியில் படித்து வந்தவர் ஒருவரையாவது தேடிப் பிடியுங்கள், பழைய வினாத்தாள் முதல் மெஸ் பில் வரை அவரிடம் கேட்கலாம். மிரட்டுகிறவர், அவமானப்படுத்துகிறவர் சீனியரே ஆனாலும் பொறுத்துப் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1997 முதல் ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டமே இருக்கிறது. யுஜிசி-யின் (பல்கலைக்கழக மானியக் குழு) ராகிங் புகார் உதவி எண் 1800-180-5522, போனில் பதிந்து வையுங்கள்.

பணம்: ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு. கல்லூரி அலுவலகத்தில் விசாரியுங்கள், வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது, அதனால் யாராவது கட்டச் சொன்னால் எதற்கு என்று கேட்காமல் கொடுக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் முதல் ரிசல்ட்டில் ஒரு பாடத்துக்கு யு (பாஸ் இல்லை, மறுபடி எழுத வேண்டும் என்ற கிரேடு) வரலாம், பெரும்பாலும் கணக்காக இருக்கும். அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள், மறைத்தால்தான் பாரம் கூடும். நன்றாக எழுதிய நம்பிக்கை இருந்தால் கடைசித் தேதிக்குள் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து, ஆசிரியரிடம் காட்டி, அவர் சொன்னால் ரீவேல்யூஷன் (மறுமதிப்பீடு) போடுங்கள். இல்லையென்றால் அடுத்த செமஸ்டர் தேர்வுக் கட்டணம் கட்டும்போது அந்த அரியரையும் சேர்த்துக் கட்டிவிட்டு, பாடம் மறப்பதற்குள் எழுதி முடியுங்கள்.