புது முறை வரும்முன் ஊழியர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

புது மென்பொருளோ புது ஷிஃப்டோ வரப்போகிறதா? சுற்றறிக்கை அனுப்பும் முன்பே நாலைந்து பேரை உட்காரவைத்துப் பேசுங்கள். பதவியில் பெரியவர்களை அல்ல. சந்தேகம் வந்தால் எல்லாரும் யார் மேசைக்குப் போகிறார்களோ, அவர்களை. எங்கள் கணக்குப் பிரிவில் பில் சரிபார்க்கும் ஒரு அக்கா அப்படி. பதிவேட்டிலிருந்து கணினிக்கு மாறியபோது, "திருப்பி அனுப்பின பில்லை இதுல எங்கே போடுறது?" என்று கேட்டார். அதற்கு இடமே இல்லை. ஒரு கட்டம் சேர்த்தோம். பிறகு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

அமெரிக்காவின் ஹார்வுட் ஆடைத் தொழிற்சாலையில் கோச், பிரெஞ்ச் என்ற இரு ஆய்வாளர்கள் நடத்தி 1948இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது. மாற்றத்தைத் திட்டமிடுவதில் எல்லாரும் பங்கேற்ற குழுக்கள் சீக்கிரமே பழைய வேகத்தைத் தாண்டின. வெறுமனே தகவல் சொல்லப்பட்ட குழுவில் உற்பத்தி விழுந்தது, சிலர் வேலையையே விட்டார்கள்.

வாரம் ஒருமுறை கால் மணி நேரம் கூடுங்கள், நின்றபடியே போதும். வந்த குறைகளைப் பலகையில் எழுதி, பக்கத்திலேயே பதிலையும் எழுதுங்கள். முடியாது என்றால் ஏன் என்று சொல்லுங்கள்; பதிலே வராத குறைதான் ஆட்களை விலக்குகிறது. இரவு ஷிஃப்ட்காரர்களுக்கும் ஒப்பந்த ஊழியர்களுக்கும் அவர்கள் நேரத்திலேயே தனிக் கூட்டம் வையுங்கள்.