மிச்சத் துணியில் கனமான பிடிதுணி தைக்கலாம் வாங்க

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கத்து வீடுகளில் பிடிதுணிக்கு உண்மையான சோதனை சோறு வடிக்கும்போதுதான். மட்ட அரிசிக்கு, அதாவது கேரளத்துச் சிவப்புப் புழுங்கலரிசிக்கு, தண்ணீர் நிறைய வைப்போம். மூடியையும் பானையையும் சேர்த்துப் பிடித்துச் சாய்த்தால் ஆவி நேராகக் கை மேல் அடிக்கும். மடித்த பழைய துணி அந்த ஆவியில் நனைந்தால் சூடு சட்டென்று விரலுக்கு ஏறிவிடும். இழைகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் தடுப்பு போச்சு. அதனால் பிடிதுணி என்றால் அடுக்கு வேண்டும், கனம் வேண்டும். தையல் புதிதாகப் பழகுகிறவர்களும் ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம்.

துணி பொறுக்குவது

இதில்தான் அவசரப்படக் கூடாது. பழக்கமான தையல் கடையில் கேட்டால் வெட்டுத்துணி ஒரு பை நிறையக் கொடுப்பார்கள். அதில் பருத்தியும் இருக்கும், பாலியஸ்டரும் இருக்கும். பருத்தி என்று நம்பி வாங்கிய டூ பை டூ ஜாக்கெட் துணியிலும் கலப்பு வரலாம். பாலியஸ்டர் அடுப்புத் தீயில் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி கருகுமே தவிர உருகாது.

பார்த்தோ தடவியோ முடிவு செய்யாதீர்கள். ஓரத்தில் நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டி மேல் வைத்துக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பல் விழுந்தால் பருத்தி. சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணிபோல் நின்றால் பாலியஸ்டரோ கலப்போ. அது பை தைக்க உதவும், இதற்கு வேண்டாம்.

பழைய செட்டு முண்டு (கேரளத்துப் பெண்கள் உடுத்தும் இரட்டைப் பருத்தி வேட்டி) இருந்தால் பின்பக்கத்துக்கு அருமையான துணி. கசவுக் கரையை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள். கரையின் ஜரிகை உலோகமானால் சூட்டை இழுக்கும், பிளாஸ்டிக் இழையானால் உருகும்.

உள்ளே வைக்க பழைய டர்க்கி டவல் இரண்டு அடுக்கு, அல்லது தோர்த்து என்னும் மெல்லிய பருத்தித் துண்டு நாலு அடுக்கு. ஸ்பான்ஜ் வைக்கவே வேண்டாம். எல்லாத் துணியையும் முதலில் வெந்நீரில் அலசிக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். இல்லையென்றால் தைத்த பிறகு ஒன்று சுருங்கும், ஒன்று சுருங்காது, பிடிதுணி கோணிக்கொள்ளும்.

வெட்டி இணைப்பது

மேல்பக்கத்துக்கு 3 அங்குலச் சதுரம் 9 வெட்டுங்கள். கால் அங்குலம் தையலுக்கு விட்டு மும்மூன்றாக இணைத்தால் 3 வரிசை. முதல் வரிசையின் தையல் மடிப்பை வலப்பக்கமும், இரண்டாவதை இடப்பக்கமும், மூன்றாவதை மறுபடி வலப்பக்கமும் தேய்த்துவிடுங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், மூலைகள் நேராக வந்து சேரும். மொத்தம் 8 அங்குலச் சதுரம் கிடைக்கும்.

அடுக்கித் தைப்பது

பின்துணியையும் உள் அடுக்கையும் 9 அங்குலத்துக்கு வெட்டுங்கள். பின்துணியின் நல்ல பக்கம் கீழே இருக்கட்டும். அதன் மேல் உள் அடுக்கு, அதற்கும் மேல் சதுரம். நடுவில் தொடங்கி வெளியே வரை குண்டூசி குத்துங்கள். மெஷினில் 16ஆம் நம்பர் ஊசி, பருத்தி நூல், தையல் கொஞ்சம் நீளமாக. மூலைக்கு மூலை ஒரு கோடு, அப்புறம் அதற்கு இணையாக ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்று. எப்போதும் நடுவிலிருந்து ஓரத்துக்குத்தான் போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் துணி நடுவில் புடைத்துக்கொள்ளும். கோடுகளை ரொம்ப நெருக்காதீர்கள். நெருக்கினால் அடுக்கு அமுங்கிக் காற்று நிற்க இடமிருக்காது. முடிந்ததும் நாலு பக்கமும் சமமாக வெட்டிவிடுங்கள்.

ஓரப்பட்டி

சதுர மூலையில் பட்டி திருப்புவது முதல் தடவை தைப்பவர்களுக்குச் சிரமம். ஒரு டம்ளரை மூலையில் கவிழ்த்து வரைந்து வளைவாக வெட்டிவிட்டால் பட்டி தானாக வளைந்து வரும். பட்டி கிராஸ் பீஸாக, அதாவது துணியில் மூலைவாட்டமாக வெட்டியதாக இருக்க வேண்டும்: 2 அங்குல அகலம், ஒட்டுப்போட்டாவது 36 அங்குல நீளம். நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தேய்த்து, விளிம்பும் விளிம்பும் சேர முன்பக்கம் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் எம்மிங் செய்யுங்கள். மாட்டி வைக்க 4 அங்குலப் பட்டியை வளையமாக மடித்து, எம்மிங் செய்யும்போதே ஒரு மூலையில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜோடியாகத் தையுங்கள், வடிக்க இரண்டு கைக்கும் வேண்டும். முதலில் பாதி ஆறிய பாத்திரத்தில் பிடித்துப் பாருங்கள். சூடு உறைத்தால் அடுத்த ஜோடிக்கு டவல் ஓர் அடுக்கு கூட்டுங்கள். கஞ்சி பட்டு நனைந்த பிடிதுணியை அன்றைக்கு மறுபடி எடுக்காமல் துவைத்து வெயிலில் போட்டுவிடுங்கள். மாற்றுக்கு இன்னொரு ஜோடி கையில் இருக்கட்டும்.