அனலாக் டிவி நிற்கப்போகிறது: அறிவிப்பில் செய்யக்கூடாத தவறுகள்

அமெரிக்காவில் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறும் முன் ஓர் ஊரில் ஒத்திகை பார்த்தார்கள். வட கரோலினாவின் வில்மிங்டனில், 2008 செப்டம்பர் 8 நண்பகலில், வணிக நிலையங்கள் அனலாக்கை அணைத்தன. மாதக்கணக்கில் விளம்பரம் ஓடியிருந்ததால் தேதி தெரியாதவர்கள் அங்கே மிகக் குறைவு. ஆனாலும் உதவி எண்ணுக்கு அழைப்புகள் குவிந்தன. அழைத்தவர்களில் பலர், டிஜிட்டல் சிக்னலைப் பழைய டிவிக்கு ஏற்றபடி மாற்றும் கன்வெர்ட்டர் பெட்டியை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தவர்கள். பெட்டியை இணைக்கத் தெரியவில்லை, சேனல்களைத் தேடிப் பதிவுசெய்யும் ஸ்கேன் செய்யவில்லை, அல்லது ஆன்டெனாவுக்குச் சிக்னல் எட்டவில்லை. தேதியைச் சொல்லிவிட்டால் அறிவித்தாயிற்று என்று நினைப்பதுதான் பெரிய தவறு. மற்றவற்றில் பாதி இதிலிருந்தே வருகிறது.

அடுத்தது, எல்லோரையும் பயமுறுத்துவது. “உங்கள் டிவி வேலை செய்யாது” என்று பொதுவாகப் போட்டால், கேபிளோ டிஷ்ஷோ வைத்திருப்பவர் தேவையில்லாமல் புது டிவி வாங்கக் கிளம்புவார். பாதிக்கப்படுவது ஆன்டெனாவில் பார்க்கும் அனலாக் டிவி மட்டும். ஆகவே அறிவிப்பின் முதல் வரி ஒரு கேள்வியாக இருக்கட்டும்: “வீட்டில் ஏதாவது ஒரு டிவி ஆன்டெனாவில் ஓடுகிறதா?” அந்த ‘ஏதாவது ஒரு’ முக்கியம். கூடத்து டிவிக்குக் கேபிள் இருக்கும். சமையலறையில் இருக்கும் சின்ன டிவி ஆன்டெனாவில் ஓடிக்கொண்டிருக்கும். அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

சோதனைக்காக அனலாக்கைச் சில நிமிடம் நிறுத்தி, “இது தெரிந்தால் நீங்கள் தயாராக இல்லை” என்று திரையில் ஓர் அறிவிப்பு அட்டை காட்டுவார்கள். நல்ல உத்திதான். ஆனால் உள்ளூர்க் கேபிள்காரர் நிலையத்தின் அனலாக் சிக்னலையே வாங்கி விநியோகித்தால், கேபிள் வீடுகளிலும் இதே அட்டை தெரியும். பிரச்சினையே இல்லாதவர்கள் அழைத்து உதவி எண்ணை அடைத்துவிடுவார்கள். சோதனைக்கு முன் கேபிள் நிறுவனம் எந்தச் சிக்னலை எடுக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

“பெட்டி வாங்குங்கள்” என்பதோடு நிறுத்துவதும் தவறு. வாங்கிய பெட்டி அட்டைப்பெட்டியிலேயே கிடக்கும். வரிசையைச் சொல்லுங்கள்: ஆன்டெனா கம்பியை டிவியிலிருந்து கழற்றிப் பெட்டியின் உள்ளீட்டில் செருக வேண்டும், பெட்டியின் வெளியீட்டிலிருந்து இன்னொரு கம்பி டிவிக்கு, டிவியைச் சேனல் 3 அல்லது 4இல் வைக்க வேண்டும் (அமெரிக்கப் பெட்டிகளுக்கு), பிறகு பெட்டியின் மெனுவில் ஸ்கேன். அமெரிக்காவில் குறைந்த சக்தி நிலையங்கள் பல, மற்ற நிலையங்கள் அணைத்த பிறகும் அனலாக்கிலேயே ஓடின. அவற்றைப் பார்ப்பவருக்கு அனலாக் சிக்னலையும் கடத்திவிடும் பெட்டி தேவை. இதைக் கடைக்குப் போகும் முன்பே சொல்ல வேண்டும், வாங்கிய பிறகு சொல்லிப் பயனில்லை.

ஸ்கேனில்தான் அறிவிப்புகள் மிக மோசமாகச் சறுக்கின. ஃபிலடெல்ஃபியாவின் டபிள்யூ.பி.வி.ஐ. நிலையம் தன் டிஜிட்டல் ஒளிபரப்பை யு.எச்.எஃப். (உயர்ந்த அதிர்வெண் வரிசை) 64ஆம் சேனலில் நடத்திவந்தது, 2009 ஜூன் 12 அன்று வி.எச்.எஃப். (அதற்குக் கீழான வரிசை) வகையில் தன் பழைய 6ஆம் சேனலுக்கே திரும்பியது. திரையில் தெரியும் எண் முன்பும் 6.1, பின்பும் 6.1. பல மாதமாக டிஜிட்டலில் நிம்மதியாகப் பார்த்தவருக்கு அன்று திடீரென்று படம் போயிற்று. பெட்டி பழைய அதிர்வெண்ணிலேயே தேடிக்கொண்டிருந்தது. சிகாகோவில் 7ஆம் சேனலுக்கும் இதே கதி. “பெட்டி இருந்தால் நீங்கள் தயார்” என்ற வாசகம் இவர்களைக் கைவிட்டது. அணைக்கும் நாளன்று எல்லோரும் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும் என்று தனியாக அறிவிக்க வேண்டும். அப்படியும் கிடைக்காவிட்டால் ஆன்டெனா கம்பியைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஸ்கேன் செய்து பழைய பட்டியலை அழித்து, மாட்டிய பின் இன்னொரு முறை செய்ய வேண்டும். யு.எச்.எஃப்.புக்கு மட்டுமான உள்ளறை ஆன்டெனா வைத்திருப்பவருக்கு எத்தனை ஸ்கேன் செய்தாலும் 6ஆம் சேனல் சரியாக வராது. ஆன்டெனாவையே மாற்ற வேண்டும்.

சிக்னல் இழக்கும் ஊர்களை மறைப்பது நேர்மையற்றது. அதோடு வேலையையும் கூட்டும். அனலாக் படம் புள்ளி புள்ளியாக மங்கும், ஆனாலும் பார்க்கலாம். டிஜிட்டல் ஓர் அளவுக்குக் கீழே போனால் உறைந்து காணாமல் போய்விடும். வில்மிங்டனின் டபிள்யூ.இ.சி.டி. அனலாக்கில் சேனல் 6இல் வெகுதூரம் எட்டியது; டிஜிட்டலில் சேனல் 44, வேறு கோபுரம், சிறிய வட்டம். அங்கே வந்த புகார்களில் இந்த நிலையத்தைப் பற்றியவைதான் கணிசம். ஊர்ப் பெயர்களைப் பட்டியலிட்டே சொல்லலாம்.

தேதி மாறினால் வரும் குழப்பம் தனி ரகம். 2009 பிப்ரவரி 17 என்று இரண்டு ஆண்டுக்கு மேல் சொல்லிவந்தார்கள். கடைசி நாட்களில் சட்டம் அதை ஜூன் 12க்குத் தள்ளியது. ஆனால் நூற்றுக்கணக்கான நிலையங்கள் பிப்ரவரி 17 அன்றே அணைத்தன. நாட்டுத் தேதியை மட்டும் சொன்னால் அந்த ஊர்க்காரர் ஏமாந்துபோவார். ஒவ்வொரு நிலையமும் தன் தேதியையும் மணியையும் சொல்ல வேண்டும். பிரிட்டனின் வைட்ஹேவனில் 2007 அக்டோபர் 17 அன்று பிபிசி டூவை மட்டும் நிறுத்தி, மற்றவற்றை நவம்பர் 14 அன்று நிறுத்தினார்கள். ஒரு சேனல் போவதைவிட நல்ல எச்சரிக்கை இல்லை.

உதவித்தொகைக்கும் கெடு உண்டு என்பதைச் சொல்லாமல் விடாதீர்கள். பெட்டி வாங்க அமெரிக்க அரசு அப்போது தந்த கூப்பன் 40 டாலர், வீட்டுக்கு இரண்டு, 90 நாளில் காலாவதியானது. சீக்கிரம் விண்ணப்பியுங்கள் என்று தூண்டிவிட்டு, கடையில் பெட்டி வருமுன் கூப்பன் செத்துப்போனால் பழி அறிவிப்பின் மேல்தான். 2009 ஜனவரியில் பணம் தீர்ந்து காத்திருப்போர் பட்டியலும் தொடங்கியது.

எத்தனை முறை சொல்வது என்பதற்கு அமெரிக்க ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.சி.சி. 2008இல் தந்த வழிகளில் ஒன்று: நாளை நான்கு ஆறுமணி நேரப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு விளம்பரமும் திரையில் ஓர் ஓடும் வரியும், ஏப்ரலிலிருந்து இரண்டிரண்டு, அக்டோபரிலிருந்து மும்மூன்று. ஓடும் வரி தொடர்ந்து 60 விநாடியாவது நீடிக்க வேண்டும். எல்லாவற்றையும் நள்ளிரவில் ஓட்டிக் கணக்குக் காட்டும் பழக்கத்துக்கு இது நல்ல தடுப்பு. ஓடும் வரி காது கேளாதோருக்கான வசன எழுத்தின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; பார்வையற்றோருக்காகக் குரலிலும் சொல்லுங்கள்.

அணைத்தபின் வெறும் இரைச்சலை விட்டுப்போகாதீர்கள். அமெரிக்காவில் சில நிலையங்கள் 30 நாள்வரை அனலாக்கில் அறிவிப்பை மட்டும் ஓட்ட அனுமதி பெற்றன. அந்த அட்டையின் முதல் வரி “உங்கள் டிவி பழுதாகவில்லை” என்று இருக்கட்டும். அடுத்து, பெரிய எழுத்தில் தொலைபேசி எண். வலைத்தள முகவரியை மட்டும் போடாதீர்கள். அந்தக் கட்டத்திலும் அனலாக்கில் மிச்சமிருப்பவர்களில் பலர் வீட்டில் இணையம் இருக்காது.