மொனாங்காவில் மாண்ட சுரங்கத் தொழிலாளியின் வாழ்க்கையைத் தேடி எடுப்பது எப்படி

1907 டிசம்பர் 6, வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணியளவில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் மொனாங்காவின் 6, 8 ஆம் எண் நிலக்கரிச் சுரங்கங்கள் வெடித்தன. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 362 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்கப் போனவர்கள். அவர்களில் ஒருவரைத் தேடுகிறீர்களா? இறந்த நாளில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பை முதலில் புரட்டுபவர்கள் பெரும்பாலும் ஏமாறுவார்கள். ஒன்று 1900 ஜூனில் எடுத்தது, அடுத்தது 1910 ஏப்ரலில். இடையில் வந்து இடையிலேயே மாண்டவர் இரண்டிலும் இருக்க மாட்டார். ஆனாலும் 1910 ஏட்டை ஒதுக்கிவிடாதீர்கள். அங்கேயே தங்கிவிட்ட விதவை அதில் இருப்பார். மூத்த பிள்ளைக்கு வயது ஒன்பது, பிறந்தது இத்தாலி. இளையவனுக்கு நான்கு, பிறந்தது மேற்கு வர்ஜீனியா என்றிருந்தால், தாய் எந்த ஆண்டுகளில் கடல் கடந்திருப்பார் என்பது அந்த இரண்டு வரியிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது பெயர். தலைவலி இங்கேதான். எழுத்தர்கள் காதில் விழுந்தபடியோ ஆங்கிலப் பெயராக மாற்றியோ எழுதினார்கள். ஜியோவான்னி ‘ஜான்’ ஆவார், போலந்துக்காரர் வொய்ச்செக் ‘ஆல்பர்ட்’ ஆவார். ஒருவரே இரண்டு பட்டியல்களில் இரண்டு பெயர்களில் இருப்பதும் உண்டு. அதனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். வயது, மனைவி பெயர், பிள்ளைகளின் எண்ணிக்கை இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். நிவாரணக் குழு 1910இல் வெளியிட்ட அறிக்கை, மாநிலச் சுரங்கத் துறையின் ஆண்டறிக்கை, கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) இறப்புப் பதிவேடு, கத்தோலிக்கப் பங்கு ஆலயத்தின் ஏடுகள் ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். விபத்து நடந்த வாரத்துச் செய்தித்தாள் பட்டியல்கள் அவசரத்தில் தொகுத்தவை. துப்புக்கு உதவும், ஆதாரமாகாது.

பிறகு கப்பல் பயணிகள் பட்டியல். குடியேற வந்தவர்களைச் சோதித்து அனுமதித்த நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதையை விட்டுவிடுங்கள். பட்டியல் எழுதப்பட்டது நேப்பிள்ஸ் போன்ற புறப்பட்ட துறைமுகங்களில். அதனால் அதில் இருக்கும் பெயர்தான் அவர் சொந்த ஊரில் வழங்கிய பெயருக்கு நெருக்கமானது. கடைசியாக இருந்த ஊர், கையில் எவ்வளவு பணம், யாரிடம் போகிறார், முன்பு அமெரிக்கா வந்ததுண்டா என்றெல்லாம் அதில் கேட்டிருப்பார்கள். ‘வந்ததுண்டு’ என்று பதில் இருந்தால் முந்தைய பயணத்தையும் தேடுங்கள். போவதும் வருவதுமாக இருந்தவர்கள் பலர். ‘நாடு’ என்ற கட்டத்தில் ஆஸ்திரியா என்றோ ஹங்கேரி என்றோ இருப்பதைப் பார்த்து நின்றுவிடாதீர்கள்; அந்தப் பேரரசின் கீழ் அப்போது பல இனத்தவர் இருந்தார்கள். 1903 முதல் ‘இனம்’ என்று தனிக் கட்டம் உண்டு. போலந்துக்காரரா, ஸ்லோவாக்கியரா, குரோவேசியரா என்பதை அதுதான் சொல்லும்.

ஊர் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மொலிசேயின் துரோனியா, கலாப்ரியாவின் சான் ஜியோவான்னி இன் ஃபியோரே போன்ற ஊர்களிலிருந்து மொனாங்காவுக்குப் பலர் போனார்கள். தென் இத்தாலியில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசு பதியும் குடிமைப் பதிவேடுகள் 1809இலேயே தொடங்கிவிட்டன. பல ஊர்களின் ஏடுகளை ‘அந்தெனாத்தி’ என்ற அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பலர் கவனிக்காமல் விடுவது மறுமண ஆவணக் கட்டு. விதவை சொந்த ஊரில் மறுமணம் செய்திருந்தால், முதல் கணவர் இறந்ததற்கான சான்றும் அந்தக் கட்டில் சேர்ந்திருக்க வேண்டும்.

எங்குமே பெயர் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். வெட்டிய நிலக்கரிக்கு டன் கணக்கில் கூலி என்பதால், சிலர் மகனையோ உறவுக்காரரையோ உதவிக்கு உள்ளே அழைத்துப் போனார்கள். இவர்கள் கம்பெனிச் சம்பள ஏட்டில் ஏறவே இல்லை. 362 என்ற எண்ணையே பலர் ஏற்காததற்கு இதுதான் காரணம். மொனாங்கா முகவரியோடு கப்பலேறி, 1907க்குப் பிறகு எந்த ஏட்டிலும் இல்லாத ஓர் இளைஞர் கண்ணில் பட்டால், உங்கள் குறிப்பில் ‘இறந்திருக்கலாம்’ என்று மட்டும் எழுதுங்கள். ஊருக்குத் திரும்பினாரா என்று அவருடைய கிராமத்தின் திருமண ஏட்டிலும் இறப்பு ஏட்டிலும் பார்க்கும்வரை அதற்கு மேல் ஒரு சொல்லும் எழுத வேண்டாம்.