அப்பாவின் பேச்சுவழக்கும் திரும்பி வந்த விதம்

மறைந்த அப்பாவின் குரலை ஏஐ மென்பொருளில் நகலெடுத்து, எழுதிக் கொடுத்ததைப் படிக்க வைத்தேன். குரல் அவருடையதுதான், ஆனால் பேச்சு செய்தி வாசிப்பவருடையது. எங்கள் நெல்லைத் தமிழின் இழுவை துளியும் இல்லை. சரி என்று, எழுத்தை விட்டு ஆர்விசி என்ற குரல் மாற்றும் மென்பொருளுக்குப் போனேன். இதில் ஒருவர் பேச வேண்டும். ஏற்ற இறக்கம் பேசுபவருடையதாகவே இருக்கும், குரலின் தன்மை மட்டும் மாறும். அப்பா மாதிரியே பேசுகிற சித்தப்பாவைப் பேச வைத்தேன். அதுதான் கை கொடுத்தது.

மென்பொருளுக்கு அப்பாவின் குரலைப் பழக்க, அவர் பேசிய 10 நிமிடமாவது தெளிவான பேச்சு வேண்டும். அவருடைய வாட்ஸ்அப் குரல் பதிவுகளில் டிவி சத்தம் கலந்த இடங்களை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வெட்டிவிட்டேன். ரொம்ப வடிகட்டினால் குரல் தகரம் போலாகிவிடும், வெட்டுவதே மேல். அப்புறம், அம்மாவின் சம்மதம் கேட்டுத்தான் தொடங்கினேன். அப்பா வழக்கமாகச் சொல்லும் ஊர்க்கதைகளைத் தவிர வேறு எதையும் அவர் குரலில் சொல்ல வைக்கவில்லை.