உப்புவெளி விடுதியொன்றின் வை-ஃபை: இருக்கும் அலைக்கற்றையை வீணாக்காமல் பயன்படுத்துவது எப்படி?

இலங்கையின் கிழக்குக் கரையில் சுற்றுலாப் பருவம் தொடங்கியதும் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சிறு விடுதி நடத்துவோரிடமிருந்து ஒரே முறைப்பாடு வரும்: பகலில் ஒழுங்காக ஓடும் இணையம் இரவு 7 மணியானால் நின்றுவிடுகிறது. சென்ற பருவத்தில் என்னை அழைத்த விடுதிக்கார அக்கா ஒருவர், "தம்பி, இன்னும் பெரிய பக்கேஜ் எடுத்தால் சரிவருமோ?" என்று கேட்டார். ரவுட்டருடன் மடிக்கணினியைக் கம்பியால் இணைத்துப் பார்த்தபோது, அவர் பணம் கட்டும் வேகம் முழுமையாகவே வந்துகொண்டிருந்தது. பழுது கம்பியில் இல்லை, காற்றில் இருந்தது.

கரைவலைப் பாட்டை (கரையிலிருந்து வலை வளைத்து இழுக்கும் கடற்பகுதியை) அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரு பாடுக்குள் ஒரு நேரத்தில் ஒரு வலைதான் கடலில் இறங்கலாம். அது கரையேறும்வரை அடுத்த வலைக்காரர் காத்திருக்க வேண்டும். வை-ஃபை சனலும், அதாவது ரவுட்டரும் கருவிகளும் பேசிக்கொள்ளும் அலைவரிசைத் துண்டும், அப்படித்தான்: ஒரு கருவி பேசும்போது மற்றவை கேட்டுக்கொண்டு பொறுத்திருக்கும். ஆகவே மெதுவாக வலை இழுப்பவர் தன் நேரத்தை மட்டுமன்றி எல்லாருடைய நேரத்தையும் செலவழிக்கிறார்.

படி 1: கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

அலைக்கற்றைத் திறன் என்பது ஒரு ஹேர்ட்ஸ் அகலத்தில் ஒரு செக்கனுக்கு எத்தனை பிட் தரவு போகிறது என்பதாகும். ஒரே அன்டெனா கொண்ட வை-ஃபை 4 (802.11என் என்ற பழைய தலைமுறை) கைபேசி ஒன்று, 20 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள சனலில், சமிக்ஞை நன்றாக இருக்கும்போது செக்கனுக்கு 65 மெகாபிட் வேகத்தில் பேசும். 65ஐ 20ஆல் வகுத்தால் ஹேர்ட்ஸுக்கு 3.25 பிட். அதே கைபேசி இரண்டு மூன்று சுவர்களுக்கு அப்பால் போனால், பிழையில்லாமல் பேசுவதற்காகத் தன் பண்பேற்றத்தை (தரவை அலையில் ஏற்றும் முறையை) எளிமையாக்கிக்கொண்டு 6.5 மெகாபிட்டுக்கும் இறங்கக்கூடும். அப்போது திறன் பத்திலொரு பங்கு, அதாவது 0.325 பிட்.

இந்த இருவகைக் கைபேசிகளும் ஒரே சனலில் மாறி மாறி ஒவ்வொரு மெகாபிட் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். முதலாவதற்கு ஏறத்தாழ 0.015 செக்கன் பிடிக்கும், இரண்டாவதற்கு 0.154 செக்கன். இரண்டு மெகாபிட்டுக்கு மொத்தம் 0.169 செக்கன் என்றால், சனலின் மொத்த வேகம் 11.8 மெகாபிட் மட்டுமே. ரவுட்டருக்கு அருகில் அமர்ந்திருப்பவருக்கும் 5.9தான் கிடைக்கும். கடைசி அறையில் இருக்கும் ஒரேயொரு விருந்தினரால் விடுதி முழுவதும் மந்தமாவது இப்படித்தான். இனி வரும் படிகளில் பெரும்பாலானவை, இந்த மெதுவான பேச்சைக் குறைப்பதற்கான வழிகளே.

படி 2: இரவில் அளந்து பாருங்கள்

அண்ட்ரொயிட் கைபேசியில் வை-ஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றை நிறுவி, முறைப்பாடு வரும் அதே நேரத்தில் ஒவ்வோர் அறையிலும் நின்று, உங்கள் வலையமைப்பின் சமிக்ஞை அளவையும் அயலவர்கள் இருக்கும் சனல்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டெசிபல்-மில்லிவாட் அளவில் எண் பூச்சியத்திலிருந்து விலக விலகச் சமிக்ஞை பலவீனம்: -50 மிக நன்று, -67 வரை போதுமானது, -80ஐவிடக் கீழே போனால் மேலே சொன்ன மெதுவான பேச்சு தொடங்கிவிடும். பகலில் அளந்த தாளை நம்ப வேண்டாம்.

படி 3: 1, 6, 11 ஆகிய சனல்களில் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள்

வை-ஃபை பெரும்பாலும் 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் என்ற இரு பட்டைகளில் (அலைவரிசைப் பகுதிகளில்) இயங்கும். 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் அடுத்தடுத்த சனல்களின் மையங்கள் 5 மெகாஹேர்ட்ஸ் இடைவெளியில் உள்ளன. ஆனால் ஒவ்வொரு சனலும் ஏறத்தாழ 20 மெகாஹேர்ட்ஸ் இடத்தை அடைக்கிறது. எனவே ஒன்றையொன்று தொடாமல் அமரக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றுமே. புதியவர்கள் தவறுவது இங்கேதான்: 1இலும் 6இலும் அயலவர்கள் இருப்பதைக் கண்டு, நடுவில் 3 அல்லது 4 வெறுமையாக இருக்கிறதென்று அதில் போய் அமர்வார்கள். அயலவருடன் ஒரே சனலில் இருந்தால் இரு ரவுட்டர்களும் ஒருவர் பேச்சை மற்றவர் புரிந்துகொண்டு முறை பார்த்துப் பேசும். பாதி மேற்படிந்தாலோ, ஒருவர் பேச்சு மற்றவருக்கு வெறும் இரைச்சலாகவே கேட்கும். எல்லை கடந்து வேலி போடுவதைவிடப் பொதுக்கிணற்றில் வரிசையில் நிற்பது மேல்.

படி 4: சனல் அகலம்

2.4இல் 20 மெகாஹேர்ட்ஸ் மட்டும். 40 என்று வைத்தால் பட்டையின் பாதியை நீங்களே விழுங்கிவிடுவீர்கள், அயலவரின் இரைச்சலையும் இரு மடங்கு வாங்கிக்கொள்வீர்கள். 5 கிகாஹேர்ட்ஸில் இடம் தாராளமாக இருப்பதால் 40 அல்லது 80 வைக்கலாம். எந்த அலைவரிசைகளை எவ்வளவு வலுவில் பயன்படுத்தலாம் என்பதை இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவே தீர்மானிக்கிறது. ஆகவே ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் நாட்டை இலங்கை என்று சரியாகக் குறிப்பிடுங்கள்.

படி 5: பழைய மெதுவான வேகங்களை நிறுத்துங்கள்

ரவுட்டர் தன் பெயரை 102.4 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை அறிவித்துக்கொண்டே இருக்கும். 802.11பி என்ற பழைய முறைமை இயங்கினால் அந்த அறிவிப்பு செக்கனுக்கு 1 மெகாபிட் வேகத்தில் போகும். 300 பைட் அளவுள்ள ஓர் அறிவிப்புக்கு ஏறத்தாழ 2.6 மில்லிசெக்கன் செலவாகும். விருந்தினர், ஊழியர், கமரா, வீடு என்று நான்கு பெயர்கள் வைத்திருந்தால், எவரும் எதுவும் பார்க்காமலே காற்றின் பத்திலொரு பங்கு நேரம் போய்விடும். பெயர்களை இரண்டாகக் குறைத்து, ரவுட்டர் இடம்கொடுத்தால் பி முறைமையை நிறுத்திவிடுங்கள். மிகப் பழைய கமரா ஏதும் இணைப்பிழந்தால், அதை மாற்றுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

படி 6: அசையாதவற்றைக் கம்பிக்கு மாற்றுங்கள்

தொலைக்காட்சி, கண்காணிப்புக் கமரா, வரவேற்பறைக் கணினி. இவை நடமாடுவதில்லை, காற்று இவற்றுக்குத் தேவையில்லை.

படி 7: வலுவைக் கூட்டாதீர்கள், அருகில் செல்லுங்கள்

அமெரிக்கக் கணிதவியலாளர் குளோட் ஷனன் 1948இல் வெளியிட்ட சமன்பாட்டின்படி, சமிக்ஞை இரைச்சலைப்போல் 100 மடங்காக இருக்கும் சனலின் உச்ச எல்லை ஹேர்ட்ஸுக்கு 6.66 பிட், வலுவை இரட்டித்து 200 மடங்காக்கினாலும் அது 7.65 பிட்டுக்கே ஏறும். அதுவுமன்றி, ரவுட்டர் உரக்கப் பேசினாலும் கைபேசியின் பதில் அதே மெல்லிய குரலில்தான் வரும். பல ஆண்டுகள் திருகோணமலையிலிருந்து இயங்கிய ஜேர்மன் வானொலியான டொய்ச்சே வெல்லேயின் அஞ்சல் (மறுஒலிபரப்பு) நிலையத்தை நம்மவர் அறிவர். தொலைதூர நேயர்களுக்காக உயர்ந்த வலுவில் ஒலிபரப்பும்போது, அந்த அலைவரிசையை அத்தனை பரப்பிலும் வேறெவரும் பயன்படுத்த இயலாது. வானொலிக்கு அது பொருந்தும். விடுதிக்கோ நேர்மாறானது வேண்டும். கடைசி அறைகளுக்கு அருகில் கம்பியால் இணைத்த இன்னோர் அணுகல் புள்ளியை (வை-ஃபை பரப்பும் கருவியை) வேறு சனலில் வைத்து, இரண்டின் வலுவையும் குறையுங்கள். 5 கிகாஹேர்ட்ஸ் சுவரைத் துளைக்காது என்று பலர் குறை சொல்வார்கள். அதே சனலை அடுத்த கட்டடத்திலும் பயன்படுத்த முடிவது அந்தக் குணத்தால்தான்.

படி 8: ஒன்றை மாற்றி, ஒருமுறை அளக்கவும்

ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றினால் எது பயன் தந்தது, எது கெடுத்தது என்று தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அதே அறையில், அதே நேரத்தில் அளந்து, முன்னைய தாளுடன் ஒப்பிடுங்கள். இத்தனைக்கும் பிறகு, ரவுட்டருடன் கம்பியால் இணைத்த கணினியிலேயே இரவு 8 மணிக்கு வேகம் போதாமல் இருந்தால் மட்டும் பெரிய பக்கேஜைப் பற்றி யோசியுங்கள்.