மகளுக்கு ஸ்கூட்டி கற்றுக்கொடுப்பது எப்படி

முதலில் எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் உரிமம், எடுத்துவிடுங்கள். கியர் இல்லாத வண்டிக்கு 16 வயது போதும் என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சலுகை 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும்தான் என்பதையும், நம் வாசலில் நிற்பது 110 சி.சி. என்பதையும் ஒருவரும் சேர்த்துச் சொல்வதில்லை. ஆகவே 18 வயது நிரம்பும்வரை சாவியை ஒளித்துவைக்க வேண்டும். அதற்குமுன் பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால், 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம். பிள்ளை செய்யும் எதற்கும் அம்மாவைக் கேட்பது நம் உறவினர்களின் வழக்கம். சட்டமும் ஏறக்குறைய அதே வழியில்தான் போகிறது.

பழகுவதற்கு ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட மனைப்பிரிவு மிக ஏற்றது. அங்கே தார்ச்சாலை இருக்கும், வீடுகள் இரா, வேடிக்கை பார்க்கும் மாமாக்களும் இரார்.

முதல் நாள் எஞ்சினை இயக்கவே வேண்டாம். நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டிலிருந்து இறக்கி, தள்ளிக்கொண்டு நடந்து, மறுபடி ஏற்றி நிறுத்தட்டும். பாதி பயம் அதிலேயே போய்விடும். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவளுக்குச் சமநிலை புதிதன்று. சிக்கல் வலக்கையில்தான் இருக்கிறது: பதற்றத்தில் கைப்பிடியை இறுகப் பற்றும்போது ஆக்சிலரேட்டரும் சேர்ந்து திருகிக்கொள்ள, நிற்கவேண்டிய வண்டி பாயும். எனவே பத்து மீட்டர் போய், ஆக்சிலரேட்டரை முழுதாக விட்டு, இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடித்து நிறுத்துவதை, அவள் சலித்து உங்களை முறைக்கும்வரை செய்யச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடும்போது வண்டியைத் தள்ளக்கூடாது என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

பின்னிருக்கையில் நீங்கள் உட்காராதீர்கள். நான் உட்கார்ந்தேன். என் எடையால் வண்டி ஆடியது, என் குரலால் அவள் ஆடினாள். இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து என் செருப்பின் வார் அறுந்தது. ஓரமாக நின்று, வண்டி நின்ற பிறகு மட்டும் பேசுங்கள். ஒரு முறைக்கு ஒரு திருத்தம் போதும். சென்ற வாரம் அடுக்காமல் விட்ட அலமாரியை இதில் சேர்க்க வேண்டாம்.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். அது கிடைத்து 30 நாள் கழிந்தபின் தேர்வுக்குப் போகலாம். எட்டு போடும்போது கண் முன்சக்கரத்தில் இருந்தால் கால் தரையில் படும். அடுத்து வளையவேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டே, ஆக்சிலரேட்டரைச் சீராக வைத்து, இடக்கைப் பிரேக்கை லேசாகத் தொட்டபடி ஓட்டினால் வண்டி தானே வளையும்.

உரிமம் வந்தபின் முதன்முறை தனியாகக் கடைக்கு அனுப்பும்போது, ஹெல்மெட்டின் பட்டையை மாட்டியிருக்கிறாளா என்று பார்த்துவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். கைப்பேசியில் அழைக்காதீர்கள். கொத்தமல்லி வாங்கப் போனவள் நாற்பது நிமிடம் கழித்து வெறுங்கையோடு திரும்பினால், கொத்தமல்லி எங்கே என்று மட்டும் கேளுங்கள்.